ஈத்தூண்டிலும் கானங்கோழியும்: நீலகிரி டிரவுட் மீனின் வரலாறு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்தபின் அப்பொருள் என்னை நீலகிரிக்கு இழுத்துச் சென்றுவிட்டது. கவிஞர்கள் நிறைந்த அவையில் மீன்பிடித்தலின் வரலாற்றைப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எனக்கும் உண்டு. படித்து முடித்தபின் அன்பர்களே முடிவு செய்க.

ஏரிக்கரையில் ஒரு வினா

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்பத்தூர் ஏரிக்கரை வழியே நடந்து வந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் தூண்டிலோடு அமர்ந்திருந்தான். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, தக்கை, முள்ளில் மாவுருண்டை. இவ்வளவே அவன் கருவிகள். பக்கத்திலிருந்த நெகிழிக் குடத்தில் நான்கைந்து மீன்கள் துடித்தன. “என்ன மீன் தம்பி?” என்றேன். “ஜிலேபிம்மா. நம்ம ஏரி மீனுதான்” என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. அவன் பிறந்தது முதல், அவன் தந்தை பிறந்தது முதலும், அம்மீன் அவ்வேரியில் இருந்திருக்கும். ஆயினும் ஜிலேபிக் கெண்டை என நாம் அழைக்கும் திலாப்பியா, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை ஆறுகளுக்கு உரியது. 1952இல்தான் அது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. எழுபது ஆண்டுகளில் ‘நம்ம ஏரி மீன்’ ஆகிவிட்டது.

ஒரு மீன் எப்போது நம்முடையதாகிறது? இவ்வினாவிற்கு விடை தேடியபோது, ஜிலேபியைவிடப் பல மடங்கு பொருட்செலவிலும் பாதுகாப்பிலும் தமிழ்நாட்டிற்குள் கொண்டுவரப்பட்ட மற்றொரு மீனின் வரலாறு நினைவுக்கு வந்தது. அதுவே நீலகிரியின் டிரவுட்.

இறகாலான இரை

டிரவுட் மீனை அறிவதற்கு முன் அதைப் பிடிக்கும் முறையை அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்று கூறும் அதனை நாம் ஈத்தூண்டில் எனலாம்.

நம் ஏரிக்கரைத் தூண்டிலில் இரை மெய்யானது. மண்புழுவோ மாவோ மீனுக்கு உண்மையிலேயே உணவாகும். கோத்த இரையின் பாரமும் ஈயக்குண்டின் பாரமும் நரம்பைத் தொலைவுக்குக் கொண்டு செல்கின்றன. ஈத்தூண்டிலில் இவ்விரண்டும் தலைகீழாகின்றன. முள்ளின்மேல் பட்டுநூலும் பறவை இறகும் விலங்கு மயிரும் சுற்றி, நீர்மேல் பறக்கும் பூச்சி போன்ற ஓர் உருவைக் கட்டுகின்றனர். அதற்குப் பாரமே இல்லை. ஆதலால் நரம்பையே கனமுடையதாகச் செய்து, கழியை முன்னும் பின்னும் வீசி, வளைந்து நிமிரும் கழியின் விசையால் அந்நரம்பை விரித்து, அதன் நுனியில் உள்ள இறகுப்பூச்சியை நீர்மேல் மெல்ல இறங்கச் செய்கின்றனர். மிதக்கும் பூச்சியும் உண்டு; நீருள் அமிழும் பூச்சியும் உண்டு.

கோடையே இதற்குக் கடினமான பருவம். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஏப்ரல், மே மாதங்களில் மலையோடைகள் வற்றித் தெளிந்திருக்கும். கரையில் நிற்பவனின் நிழல் நீரில் விழுந்தாலே மீன் ஒளிந்துகொள்ளும். நண்பகலில் நீர் வெதும்ப, அது குளிர்ந்த ஆழம் தேடிச் சென்றுவிடும். விடியலிலும் அந்தியிலும் பூச்சிகள் நீரை விட்டு எழும்போதுதான் டிரவுட் மேலே வரும். அந்தச் சிறு பொழுதில், அன்று எந்தப் பூச்சி பறக்கிறதோ அதன் அளவும் நிறமும் ஒத்த போலியை முன்னே இட வேண்டும்.

திருக்குறளின் சூது அதிகாரம், சூதில் பெற்ற வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுவதை நாம் அறிவோம். இரையால் மறைந்த இரும்பை இரையென்றே எண்ணி மீன் விழுங்குவதாகப் பரிமேலழகர் விளக்குவார். அவ்வஞ்சனையிலேனும் ஓர் இரை உண்டு. ஈத்தூண்டிலில் அதுவும் இல்லை. உவமை ஒன்றே இரையாகிறது.

தூண்டிலில் சிக்கிய மீனின் போராட்டம் நமக்குப் புதிதன்று. அகநானூற்றின் 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர், வளைந்த முள்ளின் இரையைக் கவர்ந்த வரால் ஒன்று குளத்து இலைகளைக் கிழித்து, நீரைக் கலக்கி, பிடித்தவன் இழுக்க வாராமல் கயிற்றுக்கு அடங்காத காளைபோல் திமிறுவதைக் காட்டுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தம் மீன்வேட்டை நூல்களில் பக்கம் பக்கமாக எழுதியதும் இப்போராட்டத்தையே. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ அவற்றுள் தலையாயது. சமவெளியில் பணிபுரிந்தோருக்காக 1887இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனி நூலும் எழுதினார். நம் ஏரிக்கரைச் சிறுவனின் கலைக்கும் அக்காலத்தில் ஓர் ஆங்கில நூல் இருந்தது என்பது நோக்கத்தக்கது.

பனிக்கட்டியில் வந்த கரு

ஏரியிலும் காவிரியிலும் மீன் இருந்தும் மலைமேல் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு மனம் நிறையவில்லை. உதகையின் குளிரும் ஓடையும் அவர்கள் பிறந்த ஊரை நினைவூட்டின. ஓடையில் டிரவுட் மட்டும் இல்லை.

முதல் முயற்சியை மேற்கொண்டவர் சென்னைப் படையின் மருத்துவரான பிரான்சிஸ் டே. பின்னாளில் இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளராகி, 1875 முதல் 1878 வரை ‘தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா’ என்னும் பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டவர். 1863இல் டிரவுட்டை நீலகிரிக்குக் கொணர அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. சூயசுக் கால்வாய் திறக்க அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. வெப்பக் கடல்களைக் கடந்து குளிர்நீர் மீனைக் கொண்டுவருதல் எளிதன்று.

ஆனால் மறு ஆண்டே உலகின் மறுகோடியில் அது கைகூடியது. 1864இல் ‘நார்ஃபோக்’ என்னும் கப்பலில், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு அடியில் அடுக்கிய மீன்முட்டைகள் மூன்று மாத அளவு கடலில் பயணம் செய்து ஆஸ்திரேலியாவை அடைந்தன. அவற்றுள் சில நூறு டிரவுட் குஞ்சுகள் தாஸ்மேனியத் தீவில் பொரித்தன. குளிர் கருவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் என்பதே இதன் நுட்பம். 10 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரிக்கும் முட்டை, உறைநிலைக்குச் சற்று மேலே வைத்தால் பல மாதங்கள் காத்திருக்கும்.

பனிக்கட்டி சென்னைக்குப் புதுமையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடமே, பின்னர் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயர் பெற்ற கடற்கரையின் ‘ஐஸ் ஹவுஸ்’. அந்நாளில் ஆள்வோரின் குடிகலத்தைக் குளிர்வித்த பனிக்கட்டியே, வேறு கடல்களில் அவர்கள் ஊர் மீனையும் சுமந்தது.

நீலகிரியில் டிரவுட் நிலைபெற இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. சென்னை மாகாண அரசு மீன்வளர்ப்பு வல்லுநராக அமர்த்திய எச்.சி. வில்சன், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்றை அமைத்தார். அப்போது மலை இரயில் குன்னூர் வரையே ஓடியது. உதகைக்கு அது வந்தது 1908இல். இலங்கையிலிருந்தும் பின்னர் ஜெர்மனி, நியூசிலாந்து நாடுகளிலிருந்தும் முட்டைகள் தருவிக்கப்பட்டன. ஓடும் குளிர்நீரில் தட்டுத்தட்டாகப் பரப்பிப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஓடைகளில் விட்டனர்.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. ஆங்கிலேயர் ஏங்கிய இங்கிலாந்தின் பழுப்பு டிரவுட் நீலகிரியில் தங்கவில்லை. தங்கியது வானவில் டிரவுட். அதன் பிறப்பிடம் இங்கிலாந்தன்று. பசிபிக் கடலை ஒட்டிய வட அமெரிக்க, வடகிழக்கு ஆசிய ஆறுகள். தாயகத்தை மலைமேல் மீண்டும் படைக்க நாற்பத்து நான்கு ஆண்டுகள் முயன்றவர்கள் இறுதியில் பெற்றது மற்றொருவர் ஊர் மீனை. அறிவியலாரும் அதனை நெடுநாள் ஐரோப்பிய டிரவுட்டின் இனத்தோடு சேர்த்துப் பெயரிட்டிருந்து, 1989இல்தான் பசிபிக் சால்மன் இனத்தோடு சேர்த்துப் பெயரை மாற்றினர்.

சட்டம் காத்த மீன்

மீன் வந்து நிலைபெறுமுன்பே அதற்கான சட்டம் வந்துவிட்டது. 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சங்கம் தொடங்கியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்குரிய விலங்கு, பறவைகளோடு, அம்மாவட்டத்தில் குடியேற்றப்பட்ட மீன்களுக்கும் அது பாதுகாப்பளித்தது. ‘குடியேற்றப்பட்ட’ என்னும் அடைமொழியை ஊன்றி நோக்குக. காலங்காலமாக அங்கேயே வாழ்ந்த மீன்கள் அவ்வடைமொழிக்குள் அடங்கா.

அம்மலையில் வாழ்ந்த தோடர் மரபாக ஊன் உண்ணாதவர். எருமையும் பாலும் அவர்தம் வாழ்வு; ஓடை அவர்களுக்கு மீன்பிடிக்கும் இடமன்று. தம் ஓடையில் புதிய மீனை விடலாமா என்று அவர்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்புநோக்க மற்றொரு மீனைக் கூறுவேன். காவிரியிலும், நீலகிரியின் நீரைச் சுமந்து பவானிக்கு இறங்கும் மோயாற்றிலும் வாழ்வது, முதுகு திமிலென உயர்ந்த பெரிய மாசீர். தாமஸ் தம் 1873ஆம் ஆண்டு நூலில் தலைமேல் வைத்துப் போற்றியது மாசீர் இனத்தையே. ஆனால் திமில் மாசீரின் சரியான அறிவியற்பெயர் எது என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. அவ்வாண்டே அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் ஏறியது. வரவிருந்த விருந்தினனுக்கு 1879இல் சட்டம். வீட்டுக்குரியவனுக்கு 2018இல் பெயரும் சாவோலையும்.

இதில் ஆள்வோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்தும் நம் ஆற்று மீனின் பெயரை நாமும் கேட்கவில்லை.

கழுத்து இறகு

இவ்வளவும் நூலறிவு. இனி நான் கண்டதைக் கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு உதகை சென்றிருந்தேன். நாங்கள் தங்கிய பழைய விடுதியின் கூடத்தில், கண்ணாடிப் பேழையொன்றில் ஈத்தூண்டில் முட்கள் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலம் என நகைப்பெட்டிபோல் இருந்தது. பலவற்றின் இருபுறமும் ஒரே வகைச் சிற்றிறகு: கருஞ்சாம்பல் நிறம், அதன்மேல் மெழுகு வார்த்தாற்போல் வெண்மையும் பொன்மையுமான புள்ளிகள். அது மீன்குஞ்சின் கண்போலத் தோன்றுமாம். எந்தப் பறவையின் இறகு என்று விடுதிக் காவலரைக் கேட்டேன். “நம்ம காட்டுக்கோழி சேவல்தாம்மா. கழுத்து றெக்க” என்றார்.

இந்தியக் காடுகளுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே அதன் கழுத்திறகு கப்பலேறி இங்கிலாந்து சென்றிருக்கிறது. புகழ்பெற்ற ‘ஜாக் ஸ்காட்’ போன்ற சால்மன் தூண்டில்கள் அவ்விறகு இன்றி நிறைவுபெறா. டிரவுட்டின் கரு அங்கிருந்து இங்கு வரத் தவித்த காலத்தில், அதைப் பிடிக்கும் இறகு இங்கிருந்து அங்குச் சென்றுகொண்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்று அப்பறவையைக் காக்கிறது. அயல்நாட்டுத் தூண்டிலாளர், கூட்டில் வளர்த்த பறவைகளின் இறகைப் பயன்படுத்துகின்றனர்.

அக்கூடத்தில் நின்றபோது எனக்கு நாணமாயிருந்தது. காரணத்தை மறைக்காமல் கூறுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு முல்லைத் திணைப் பாடல்களைப் பற்றியது. கானங்கோழி முல்லையின் கருப்பொருள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கருப்பொருள் அட்டவணை ஒன்று உண்டு. அதில் ‘பறவை: கானங்கோழி’ என எழுதி, எதிரே பாட்டெண்களை வரிசையாக இட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் அப்பறவையை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றியதுமில்லை.

குறுந்தொகையின் 242ஆம் பாட்டு குழற்றத்தனார் பாடியது. மணமான மகளின் இல்லத்தைக் கண்டு மீண்ட செவிலி, நற்றாய்க்கு அவள் வாழ்வைச் சொல்கிறாள். மகள் இருக்கும் சிற்றூரின் காட்டில், கானங்கோழிச் சேவலின் சின்னஞ்சிறு புள்ளிகள் கொண்ட கழுத்தின்மேல், புதரிலிருந்து குளிர்ந்த நீர்த்துளிகள் சொட்டுகின்றன. வேந்தன் பணியால் வேற்றூர் சென்றாலும் தலைவனின் தேர் அங்கே தங்குவதில்லை, வீடு திரும்பிவிடும். இவ்வளவே பாட்டு. அப்புள்ளிகளை நான் பல்லாண்டு வகுப்பில் ‘அடைமொழி’ என்று விளக்கிக் கடந்திருக்கிறேன். கண்ணாடிப் பேழையின் முன் நின்றபோதுதான் புரிந்தது: அது அணிக்காகச் சேர்த்த அடைமொழியன்று, கண்ட பொருள். மழைத்துளி புள்ளியின்மேல் விழுந்தால் எது துளி, எது புள்ளி என்று அறிய முடியாது. அவ்வளவு அருகில் நின்று பார்த்தவர் அப்புலவர்.

இங்கிலாந்தில் தூண்டில் கட்டிய கைவினைஞரும் அதே புள்ளியை அருகில் பார்த்தார். அவர் பார்வை மீனைக் கொல்வதற்கு. புலவர் பார்வை ஒரு பெண் நலமாக இருக்கிறாள் என்பதைச் சொல்வதற்கு. ஆயினும் இருவரும் பார்த்தனர். இடையில் நின்ற நான் அட்டவணை போட்டேன்.

நிறைவாக

டிரவுட் இன்று என்ன ஆயிற்று என அன்பர்கள் கேட்கலாம். 1960களில், கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் பழைய ஓடைகள் பலவற்றை மூடின. ஈத்தூண்டிலாளர் விரும்பிய முக்கூர்த்திப் பகுதி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. வேட்டைக்கழியோடு அங்கே நுழைய இயலாது. நூறாண்டு கடந்தும் நீலகிரி டிரவுட் பொரிப்பகத்தின் கைத்தாங்கலை நம்பியே வந்திருக்கிறது. நீர் 20 பாகைக்குமேல் வெதும்பினால் அது வாடும். 25ஐத் தாண்டினால் வாழ்வதரிது. சமவெளியை நோக்கி அது ஓர் அடியும் இறங்க இயலாது.

ஜிலேபியோ எவர் துணையுமின்றி எங்கும் பெருகியது. உலகின் கொடிய நூறு அயல் உயிரினங்கள் என 2000ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட பட்டியலில் இரண்டு டிரவுட் இனங்களும் உண்டு. நம் ஏரிக்கரைச் சிறுவனின் ஜிலேபியும் உண்டு. சீமான் வளர்த்ததும் சிறுவன் பிடித்ததும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

அவ்வாறாயின் தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு விடை என்ன? சட்டம் ஒரு மீனை நம்முடையதாக்கவில்லை. பொருட்செலவும் ஆக்கவில்லை. பெருகிப் பரவுவதாலும் அது நம்முடையதாகிவிடாது. அம்மீன் எங்கே வாழ்கிறது, எப்போது மேலே வருகிறது, எதைத் தின்கிறது, அதன் வரவால் எது மறைந்தது என்று ஒருவர் பல நாள் பார்த்து, பார்த்ததைச் சொல்லில் வைக்கும்போதுதான் உரிமை பிறக்கிறது. நக்கீரர் வராலை அவ்வாறு நமதாக்கினார். குழற்றத்தனார் கானங்கோழியை நமதாக்கினார். ஆங்கிலேயர் டிரவுட்டைப் பார்த்த அளவு நாம் நம் வராலையும் கெளுத்தியையும் பார்க்கவில்லை.

நம் வட்டத்தினர் வாழும் இப்பகுதி ஏரிகளால் ஆனது. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என நம் ஊர்ப்பெயர்களோடு ஏரிகள் ஒட்டியுள்ளன. கூவம் நம் பகுதியைக் கடந்துதான் நகருக்குள் செல்கிறது. இந்நீர்களில் முன்பிருந்த மீன்களின் பெயர்கள், வலைகளின் பெயர்கள், தூண்டிற்சொற்கள் ஆகியவை இன்னும் சில முதியவர்களின் நாவில் உள்ளன. கடந்த பத்தாண்டுகளில் ஏரியைப் பற்றி நம் வட்டத்தில் பல கவிதைகள் அரங்கேறின. அவற்றில் நிலவு உண்டு, அலை உண்டு, கண்ணீரும் உண்டு. ஒரு மீனின் பெயரேனும் வந்ததாக எனக்கு நினைவில்லை. என் கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதினோராம் ஆண்டில் நாம் செய்ய ஒரு பணி உண்டு. மாதம் ஒரு ஞாயிறு ஏரிக்கரைக்குச் சென்று, தூண்டிலும் வலையும் இடுவோரிடம் கேட்டு, அச்சொற்களைத் தொகுப்போம். நான் என் பங்கிற்குத் தொடங்கிவிட்டேன். அச்சிறுவனை மீண்டும் கண்டேன். ஜிலேபி வருமுன் இந்த ஏரியில் என்னென்ன மீன் இருந்தது என்று கேட்டேன். “எனக்குத் தெரியாதும்மா. எங்க ஆயாவுக்குத் தெரியும்” என்றான். அடுத்த ஞாயிறு அவன் வீட்டிற்குச் செல்கிறேன். உடன் வர விரும்புவோர் தெரிவிக்கலாம்.